மகளை இரண்டு நாள் பிறர் பொறுப்பில் விடலாமா?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. மூளை முடக்குவாதமும் வலிப்பும் உள்ளன. பேச்சு வரவில்லை. தாங்கிப் பிடிக்காமல் உட்கார முடியாது. மசித்த உணவைத்தான் ஊட்டுகிறேன். இரவில் மூன்று நான்கு முறை விழித்து அழுவாள். கணவருக்கு ஷிப்ட் வேலை. 6 வயதில் ஒரு மகனும் இருக்கிறான். பிசியோதெரபிக்குப் போகும் இடத்தில், இப்படிப்பட்ட குழந்தைகளை ஓரிரு நாள் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் மையம் ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். இதைக் கேட்டதும், "பெற்றவளே பார்க்காவிட்டால் வேறு யார் பார்ப்பார்கள்?" என்று என் நாத்தனார் கேட்டுவிட்டார். போன வாரம் ஓர் இரவு மகள் அழுகையை நிறுத்தாதபோது கை ஓங்கிவிட்டேன், அடிக்கவில்லை. அன்று முதல் என்னைக் கண்டே எனக்குப் பயமாக இருக்கிறது. அவளை அங்கே விடலாமா, விட்டால் பத்திரமாக இருப்பாளா, எங்கிருந்து தொடங்குவது?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில் (குழந்தைகள் மறுவாழ்வுப் பிரிவின் மருத்துவச் சமூகப் பணியாளர்):

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் முன்பாக, கை ஓங்கிய அந்த இரவைப் பற்றிப் பேசிவிடுவது நல்லது. மாதக்கணக்கில் தொடர்ந்து உறங்கக் கிடைக்காத ஒருவரின் பொறுமை ஓர் இரவில் அறுந்துபோவதை எங்கள் பணியில் அடிக்கடி பார்க்கிறோம். அதனால் யாரும் கெட்ட தாயாகிவிடுவதில்லை. அதே சமயம், ஏதோ கோபத்தில் நடந்தது என்று அதை ஒதுக்கிவிடவும் கூடாது. மீண்டும் அப்படியொரு தருணம் வந்தால், மகளைக் கட்டிலில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, பக்கத் தடுப்பை ஏற்றிவிட்டு, கதவைத் திறந்தே வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். வழக்கமாக அழும் அழுகைதான் என்றால், சில நிமிடம் அவள் அழுதுகொண்டிருப்பதால் கெடுதல் எதுவும் நேர்ந்துவிடாது. அந்த நேரத்தில், நள்ளிரவானாலும், ஒருவரைத் தொலைபேசியில் அழையுங்கள். அந்த ஒருவர் யார் என்பதை இன்று பகலிலேயே முடிவுசெய்து, அவரிடமும் சொல்லி வையுங்கள். உங்கள் உயிரைப் பற்றியோ மகளின் உயிரைப் பற்றியோ விபரீதமான எண்ணம் எப்போதாவது தலைகாட்டினால், அன்றைக்கே ஒரு மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பொழுது விடியட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது.

இரவு அழுகையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தகைய குழந்தைகள் இரவில் தூங்காமல் அழுவதை, 'அவர்கள் அப்படித்தான்' என்று குடும்பத்தினரும், சில சமயம் சிகிச்சையளிப்பவர்களும்கூட ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள். பேச முடியாத குழந்தை அழுகிறாள் என்றால் காரணத்தைத் தேட வேண்டும். தசை இறுக்கம், இடுப்பு மூட்டு நழுவத் தொடங்கியதால் வரும் வலி, நாள்பட்ட மலச்சிக்கல், இரைப்பை அமிலம் மேலேறுவது, பல் வலி, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவது, இரவில் மட்டும் வரும் வலிப்பு என்று பல காரணங்கள் இருக்கக்கூடும். இவற்றில் பெரும்பாலானவை சிகிச்சைக்குக் கட்டுப்படுபவை. இடுப்புக்குக் கடைசியாக எப்போது எக்ஸ்ரே எடுத்தார்கள் என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். எத்தனை மணிக்கு விழித்தாள், எப்படி அழுதாள், புரட்டிப் படுக்கவைத்ததும் அடங்கினாளா, தூக்கினால்தான் அடங்கினாளா என்று ஒரு வாரம் குறித்துவைத்து அந்தத் தாளோடு போனால், பத்து நிமிடச் சந்திப்பும் பயனுள்ளதாக அமையும். வலியால் அழும் குழந்தையை வேறோர் இடத்தில் தங்கவைத்தால் அங்கும் அவள் அழத்தான் செய்வாள்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். விட வேண்டும் என்பதே என் பதில். உங்களுக்கு ஓய்வு தேவை என்பது அதற்கு ஒரு காரணம்தான். அதை மட்டும் சொன்னால், எப்படியோ சமாளித்துக்கொள்கிறேன் என்று நீங்கள் தட்டிக்கழித்துவிடுவீர்கள். ஆகவே, மகளின் நிலையிலிருந்து பாருங்கள். தலையை எந்தச் சாய்வில் தாங்கினால் அவளால் புரையேறாமல் விழுங்க முடியும், எந்த முனகல் பசிக்கானது, எது வலிக்கானது, வலிப்பு வருவதற்கு முன் அவள் கண்கள் எந்தப் பக்கம் திரும்பும் என்பவை எல்லாம் இன்றைக்கு உங்கள் ஒருவருக்கு மட்டுமே தெரியும். நாளைக்கு உங்களுக்கு ஓர் அறுவைசிகிச்சை தேவைப்பட்டால், அவள் ஒரே நாளில், எந்த முன்பழக்கமும் இல்லாமல், அவளைப் பற்றி எதுவும் அறியாதவர்களிடம் போய்ச் சேர நேரிடும். அவளைத் தூக்கவும் ஊட்டவும் புரிந்துகொள்ளவும் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேராவது இருக்க வேண்டும் என்பது அவளுடைய பாதுகாப்புக்கான அடிப்படைத் தேவை. குழந்தையைச் சிறிது காலம் மட்டும் பிறர் பார்த்துக்கொள்ளும், ரெஸ்பைட் கேர் எனப்படும் இடைக்காலப் பராமரிப்பை நான் முதன்மையாக அந்தக் கண்ணோட்டத்தில்தான் பார்க்கிறேன். உங்கள் ஓய்வு அதனோடு சேர்ந்து கிடைக்கும் பலன். ('உங்களையும் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்' என்று தாய்மார்களுக்கு அறிவுரை சொல்லும் பழக்கம் எங்கள் துறையில் அதிகம். அந்த நேரத்தில் குழந்தையை யார் வைத்துக்கொள்வது என்பதற்கு வழி சொல்லாத வரையில், அந்த அறிவுரையை நான் மதிப்பதில்லை.)

இது சலுகையாகக் கேட்டு வாங்கும் ஒன்றும் அன்று. ஐக்கிய நாடுகள் சபை 2006-இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 23-ஆம் பிரிவு, குழந்தைகள் மறைத்து வைக்கப்படுவதையும் கைவிடப்படுவதையும் புறக்கணிக்கப்படுவதையும் தடுப்பதற்காக, அவர்களுக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்கும் தகவலும் சேவையும் ஆதரவும் காலத்தே கிடைக்கச் செய்ய அரசுகள் உறுதியேற்கின்றன என்று கூறுகிறது. வறுமையில் வாழும் குடும்பங்களுக்கு அரசு தர வேண்டிய உதவிகளைச் சொல்லும் 28-ஆம் பிரிவு, பயிற்சி, ஆலோசனை, நிதியுதவி ஆகியவற்றோடு இடைக்காலப் பராமரிப்பையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இந்த இரண்டுக்கும் உள்ள தொடர்பை நான் முக்கியமாகக் கருதுகிறேன்: குடும்பத்துக்கு ஆதரவு கிடைக்காதபோதுதான் குழந்தை நிரந்தரமாக விடுதிக்கு அனுப்பப்படும் நிலை வருகிறது. இரண்டு நாள் பிரிந்திருப்பது, பல ஆண்டுகள் சேர்ந்து வாழ உதவும்.

நாத்தனாரிடம் இதையெல்லாம் எடுத்துச்சொல்லி வாதாட வேண்டாம் என்பது என் யோசனை. அவர் கேட்ட கேள்வியை அப்படியே எடுத்துக்கொண்டு, "அண்ணி, அதுதான் எனக்கும் கவலை, நான் படுத்துவிட்டால் யார் பார்ப்பார்கள்? நீங்கள் ஒரு வேளை ஊட்டக் கற்றுக்கொள்கிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் உங்களைவிட இளையவராக இருந்தால் பெயர் சொல்லியே கேட்கலாம். ஒப்புக்கொண்டால் உங்களுக்கு ஒரு துணை கிடைக்கும். மறுத்தால், அவருடைய கருத்துக்கு எவ்வளவு எடை தருவது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். கணவரைப் பொறுத்தவரை, அவர் 'உதவுகிறார்' என்ற நிலையில் நிறுத்தாமல், மாதத்தில் குறிப்பிட்ட சில இரவுகள் முழுப் பொறுப்பும் அவருடையது என்று ஷிப்ட் அட்டவணையைப் பார்த்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அந்த இரவுகளில் நீங்கள் வேறு அறையில் உறங்க வேண்டும்.

இடைக்காலப் பராமரிப்பு என்றால் மையத்தில் தங்கவைப்பது மட்டும்தான் என்பதில்லை. பயிற்சி பெற்ற ஒருவர் வீட்டுக்கே வந்து சில மணி நேரம் பார்த்துக்கொள்வது, பகல்நேர மையம், தேர்ந்தெடுத்துப் பயிற்சி தரப்பட்ட மற்றொரு குடும்பம் தன் வீட்டில் குழந்தையை வைத்துக்கொள்வது, இரவுத் தங்கல், குடும்பத்தில் திடீர் நெருக்கடி வரும்போது தரும் அவசரப் பராமரிப்பு என்று பல வடிவங்கள் உண்டு. உங்கள் மகளுக்கு நேரடியாக இரண்டு நாள் தங்கலில் தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உறக்கம் கெடுவது வலிப்பைத் தூண்டக்கூடியது. புதிய இடத்தில் முதல் இரவு பெரும்பாலும் யாருக்கும் சரியாக உறக்கம் வராது. எனவே, முதலில் நீங்களும் உடனிருக்க ஒரு பிற்பகல். அடுத்து, அருகில் ஓர் அறையில் நீங்கள் இருக்க அவர்களே ஒரு வேளை ஊட்டுவது. பிறகு நீங்கள் இல்லாமல் அரை நாள், முழு நாள். அதன்பின் ஓர் இரவு. இதற்கு இரண்டு மாதம் ஆனாலும் பரவாயில்லை. வீட்டுக்கு வருபவராக இருந்தால், ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆளை அனுப்பக் கூடாது என்பதைத் தொடக்கத்திலேயே நிபந்தனையாக வையுங்கள். ஆள் மாறிக்கொண்டே இருந்தால் சொல்லிக்கொடுப்பதே உங்களுக்கு வேலையாகிவிடும்.

அதற்குமுன் நீங்கள் செய்ய வேண்டியது, மகளைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் ஒரு நோட்டில் எழுதுவது. இதைத்தான் எல்லாவற்றையும்விட முக்கியமாகச் சொல்வேன். பொதுவாக எழுதினால் பயனில்லை. 'மசித்த உணவு' என்று எழுதினால் ஒருவர் தண்ணீராகக் கரைப்பார், மற்றொருவர் கட்டியாக வைப்பார். இரண்டுமே புரையேறி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உள்ளவை. உணவு, பானங்களின் தடிப்பைக் குறிக்க 0 முதல் 7 வரை எண்ணிட்ட சர்வதேச அளவுகோல் ஒன்று இருக்கிறது. கட்டியில்லாமல் மசித்த உணவு அதில் 4-ஆம் நிலை. கரண்டியில் எடுத்தால் வடிவம் கலையாமல் நிற்க வேண்டும், கரண்டியைச் சாய்த்தால் ஒட்டிக்கொள்ளாமல் மொத்தமாக விழ வேண்டும் என்பது அதற்கான சோதனை. உங்கள் மகளுக்கு எந்த நிலை ஏற்றது என்பதை விழுங்குதல் சிகிச்சை அளிப்பவரிடம் உறுதிசெய்துகொண்டு, அந்த எண்ணையே எழுதுங்கள். எந்த நாற்காலி, முதுகு எவ்வளவு நிமிர்ந்திருக்க வேண்டும், ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் இடையில் எவ்வளவு காத்திருக்க வேண்டும், உண்டபின் எத்தனை நிமிடம் படுக்கவைக்கக் கூடாது என்பவற்றையும் சேருங்கள். நீங்கள் ஊட்டுவதைக் கணவரை வைத்துச் செல்போனில் வீடியோ எடுத்துக் காட்டினால், நான்கு பக்கம் எழுதுவதைவிடத் தெளிவாக விளங்கும்.

மருந்து விஷயத்தில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். வலிப்பு மருந்தை '5 மில்லி' என்று மட்டும் எழுதக் கூடாது. ஒரே மருந்து வெவ்வேறு செறிவுள்ள சிரப்பாக விற்கப்படுவதால், எத்தனை மில்லிகிராம், எந்தச் செறிவில் எத்தனை மில்லிலிட்டர் என்று இரண்டையும் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்தை வேறு புட்டியில் ஊற்றித் தராமல், லேபிள் ஒட்டிய அசல் புட்டியிலேயே கொடுங்கள். வலிப்பு வந்தால் என்ன செய்வது என்பது தனிப் பக்கமாக, மருத்துவரின் கையொப்பத்துடன் இருக்க வேண்டும்: ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், நேரத்தைக் குறிக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, 5 நிமிடத்தைத் தாண்டினால் மருத்துவர் எழுதிக்கொடுத்த அவசர மருந்தைத் தந்து ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். அவளுக்கு வழக்கமாக வரும் வலிப்பு எப்படி இருக்கும் என்பதையும் அதில் விவரியுங்கள். சில நொடிகள் வெறித்துப் பார்ப்பதும் வலிப்புதான் என்பது பழக்கமில்லாதவருக்குப் புரியாது.

அடுத்து அவள் பேசும் விதம். சொற்கள் இல்லை என்றாலும் 'ஆம்', 'வேண்டாம்' என்பதற்கு அவளிடம் ஏதோ ஒரு வழி இருக்கும். கண்ணை மேலே உயர்த்துவதாகவோ, முகத்தைத் திருப்பிக்கொள்வதாகவோ, உதட்டைப் பிதுக்குவதாகவோ இருக்கலாம். தாய்க்கு அது தானாகப் புரிந்துவிடுவதால், அதை எழுத வேண்டும் என்றே தோன்றுவதில்லை. வலியைக் கண்டறிய முகம், கால்கள், அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறாளா என்ற ஐந்துக்கும் தலா 0 முதல் 2 வரை மதிப்பெண் இடும் முறை மருத்துவமனைகளில் பயன்படுகிறது. பேச இயலாத, அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்காகத் திருத்தப்பட்ட அதன் வடிவத்தில், இந்தக் குழந்தைக்கே உரிய வலி அடையாளங்களைப் பெற்றோர் சேர்ப்பதற்கு இடம் விடப்பட்டிருக்கிறது. உங்கள் நோட்டிலும் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அவளுக்குப் பிடித்த பாட்டு, எந்தப் பக்கம் படுத்தால் தூங்குவாள், எதைக் கண்டால் சிரிப்பாள் என்பவற்றை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். நோய்ப் பட்டியலோடு தொடங்கும் நோட்டு, பார்ப்பவர் மனத்தில் ஒரு நோயாளியைத்தான் பதியவைக்கும்.

தூக்குவதைப் பற்றியும் இரண்டு வரி சேருங்கள். அக்குளில் கைகொடுத்து இழுத்துத் தூக்கக் கூடாது. இடுப்பையும் தொடையையும் தாங்க வேண்டும். அவள் எடை கூடக் கூட இது இருவர் செய்ய வேண்டிய வேலை ஆகிவிடும். வீட்டில் நீங்கள் தனியாகத் தூக்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், உங்கள் பிசியோதெரபிஸ்டிடம் உங்களுடைய முதுகையும் காட்டுங்கள்; அவளைத் தூக்க உதவும் சாதனம் பயன்படுமா என்று கேளுங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்வியான பாதுகாப்பை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று, மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகள் ஏதேனும் ஒரு வகை வன்முறைக்கு உள்ளாகும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட 3.7 மடங்கு அதிகம் என்று காட்டியது. பேச முடியாத, உடை மாற்றவும் கழிப்பதற்கும் பிறர் கையை நம்பியிருக்கும் குழந்தை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். எனவே மையத்தின் சுவர் ஓவியங்களையும் விளையாட்டுப் பொருள்களையும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இரவில் ஊழியர் விழித்திருப்பாரா, குழந்தைகளோடு படுத்து உறங்குவாரா? ஒருவர் எத்தனை குழந்தைகளைப் பார்க்கிறார்? டயப்பர் மாற்றும்போது கதவு எப்படி இருக்கும், மாற்றியவர் பெயர் பதிவாகுமா? ஊழியர்களின் பின்னணியைக் காவல்துறை வழியாகச் சரிபார்த்தார்களா? அடங்காத குழந்தையைக் கட்டிவைக்கும் பழக்கமோ, மருத்துவர் எழுதாத தூக்க மருந்து தரும் பழக்கமோ உண்டா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது பதிலைவிட முகத்தைக் கவனியுங்கள். நல்ல இடத்தில் இதைக் கேட்டதற்காக யாரும் கோபப்பட மாட்டார்கள். குழந்தையை எப்படி அமைதிப்படுத்துவார்கள் என்று விளக்கமாகச் சொல்வார்கள்.

குழந்தை உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் உடலில் காயம், தழும்பு, தோல் சிவப்பு ஏதும் உண்டா என்று பார்த்துப் படத்தில் குறித்து இருதரப்பும் கையொப்பமிடும் வழக்கம் பல நல்ல மையங்களில் உண்டு. இல்லையென்றால் நீங்களே கேட்டுச் செய்யுங்கள். அது உங்களுக்கும் அவர்களுக்கும் காவல். முன்னறிவிப்பு இல்லாமல் பெற்றோர் வந்து பார்க்கலாமா என்றும் கேளுங்கள். மற்றக் குழந்தைகளின் அந்தரங்கத்தைக் கருதி வரவேற்பறையில் சற்றுக் காத்திருக்கச் சொல்வது நியாயமானது. வரவே கூடாது என்று சொல்லும் இடத்துக்கு, அது எவ்வளவு பெயர்பெற்றதாக இருந்தாலும், அவளை அனுப்பாதீர்கள்.

செலவையும் அனுமதியையும் பற்றி: உங்கள் பகுதியின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, மகள் சிகிச்சை பெறும் மருத்துவமனையின் சமூகப் பணிப் பிரிவு, பெற்றோர் சங்கம் ஆகிய மூன்று இடங்களிலும் கேளுங்கள். ஓரிடத்தில் 'அப்படி எதுவும் இல்லை' என்றால் மற்ற இரண்டையும் விட்டுவிடாதீர்கள். விண்ணப்பத்தில் மகளின் குறைபாட்டை மட்டும் எழுதாமல், ஒரு நாளில் உங்கள் வேலைகளையும் இரவில் விழிக்கும் எண்ணிக்கையையும் எழுதுங்கள். முடிவெடுப்பவர்கள் பலர் மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் உள்ள குறைபாட்டு விழுக்காட்டைத்தான் பார்க்கிறார்கள். இரவு அதில் தெரிவதில்லை.

மகனைப் பற்றி நீங்கள் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அக்கா தங்கும் முதல் நாளில் அவனுக்கென்று பெரிதாக எதையும் திட்டமிட வேண்டாம். பள்ளியிலிருந்து நீங்களே அழைத்துவந்து, அவன் பேசுவதை இடையில் எழுந்து ஓடாமல் கேட்டால் போதும். 'அக்காவை எங்கே அனுப்பினீர்கள், என்னையும் அனுப்புவீர்களா?' என்ற பயம் இந்த வயதில் வரக்கூடியது. ஆகவே எங்கே போகிறாள், எப்போது திரும்புவாள் என்று முன்கூட்டியே சொல்லி, முடிந்தால் இடத்தையும் காட்டிவிடுங்கள்.

முதல் முறை அவளை விட்டுவிட்டு வரும்போது அவள் அழலாம், நீங்களும் அழக்கூடும். அவளுக்குப் புரியாது என்று எண்ணிச் சொல்லாமல் நழுவி வந்துவிடாதீர்கள். போகிறேன், இன்ன நேரத்தில் வருவேன் என்று முகம் பார்த்துச் சொல்லிவிட்டு வாருங்கள். அந்த மணி நேரங்களில் வீட்டைத் துடைக்கவோ நிலுவை வேலைகளை முடிக்கவோ இறங்காமல் முதலில் உறங்குங்கள். அழைத்துவரப் போகும்போது, 'நன்றாக இருந்தாள்' என்ற பதிலோடு திரும்பாமல், எவ்வளவு உண்டாள், எத்தனை முறை சிறுநீர் கழித்தாள், மலம் கழித்தாளா, வலிப்பு வந்ததா, எப்போது அழுதாள், எதனால் அடங்கினாள் என்று கேட்டு நோட்டில் எழுதி வாங்குங்கள். அவர்கள் ஏதாவது புதிதாகக் கண்டுபிடித்திருந்தால் அதையும் சேருங்கள். முதல் இரண்டு மூன்று நாள் வீட்டில் அவள் சிணுங்கிக்கொண்டே இருந்தால் அதை வைத்து மட்டும் திட்டத்தைக் கைவிட வேண்டாம். உண்ண மறுப்பது, குறிப்பிட்ட ஒருவரைக் கண்டு உடல் விறைப்பது, விளக்கமில்லாத காயம் ஆகியவை இருந்தால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால், அடுத்த தேதியை அங்கேயே குறித்துக்கொண்டு புறப்படுங்கள். களைத்துப்போன பிறகு கேட்டால் இடம் கிடைப்பது அரிது.